நான்கு கோடுகளும் நம் கணித ஆசிரியரும்

நம் கணித ஆசிரியர் காலமான செய்தி மாசி மாதத்தில் இலண்டனுக்கு எட்டியதும், அவரைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டார்கள். பெயர் சொல்லாமலே அவரது பிரம்பை அடையாளம் காணக்கூடியவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். எழுதப்போவது முழுவதும் புகழ்ச்சியல்ல என்பதும் ஒரு காரணம்.

உரோம இலக்கங்களை அவரைப் போலக் கற்பிக்க இன்னொருவரால் முடியாது. ஐ ஒன்று, வி ஐந்து, எக்ஸ் பத்து, எல் ஐம்பது, சி நூறு, டி ஐந்நூறு, எம் ஆயிரம் என்று ஏழு எழுத்துகளையும் கரும்பலகையில் நிரைப்படுத்திவிட்டு, "பெரியதற்கு வலப்பக்கம் நிற்கும் சிறியது வரவு, இடப்பக்கம் நிற்பது கடன்" என்பார். கடனாக நிற்பதற்கும் தகுதி வேண்டுமாம்: ஐ என்பது வி, எக்ஸ் ஆகியவற்றின் முன்னும், எக்ஸ் என்பது எல், சி ஆகியவற்றின் முன்னும், சி என்பது டி, எம் ஆகியவற்றின் முன்னும் மட்டுமே நிற்கலாம். ஆகவே நூறுக்கு முன் ஒன்றையிட்டு 99 எழுதப் போனவன் தொலைந்தான். தொண்ணூறையும் ஒன்பதையும் பிரித்து எக்ஸ் சி ஐ எக்ஸ் என்றே எழுத வேண்டும். பி.பி.சி. நிகழ்ச்சிகளின் முடிவில் ஓடி மறையும் தயாரிப்பு ஆண்டை என் பிள்ளைகள் எழுத்துக்கூட்டுமுன் நான் சொல்லிவிடுவது அவர் இட்ட பிச்சை.

ஒருநாள், மணிக்கூடு திருத்துபவரின் மகன் கரும்பலகையில் நான்கு என்பதற்கு நான்கு கோடுகளை இழுத்தான். தகப்பனின் கடை மணிக்கூடுகளில் அப்படித்தான் இருக்கிறது என்று அவன் சொன்னது உண்மையே. உரோம இலக்கமிட்ட முகப்புகளில் பெரும்பாலானவை இன்றும் அப்படித்தான். ஆசிரியருக்கு அது வாய்க்காட்டலாகப் பட்டது. "திருத்துகிறவருக்கே திருத்தம் வேண்டும்போல" என்று தகப்பனையும் இழுத்துப் பேசி, அவனை வாங்கில் ஏற்றினார். வகுப்புச் சிரித்தது. அதன்பின் கணித பாடத்தில் அவன் கை உயரவேயில்லை.

1983 இனக்கலவரத்துக்குப் பின் நாட்டைவிட்டுப் புறப்படுமுன் விடைபெறச் சென்றபோது, வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூட்டில் நான்கு எப்படி இருக்கிறதென்று பார்த்து எழுதச் சொன்னார். அவரும் அந்நாளை மறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. 1859 முதல் ஓடும் அம்மணிக்கூட்டில் ஐ வி என்றே இருந்தது, எழுதினேன், மகிழ்ந்து பதில் போட்டார். பின்னொரு நாள், ட்ரபல்கர் சதுக்கத்தருகே அட்மிரல்டி வளைவின் மேலே 1910 என்பதை எம் டி சி சி சி சி எக்ஸ் என்று, நான்கு சி எழுத்துகளை வரிசையாக நிறுத்திப் பொறித்திருக்கக் கண்டேன். அவர் கணக்கில் அது எம் சி எம் எக்ஸ். உரோமில், கொலோசியத்தின் 44 ஆம் வாயில் இன்னும் வேடிக்கை: நாற்பதைக் கடன்முறையில் எக்ஸ் எல் என்றும், நான்கை நான்கு கோடுகளாகவும் ஒரே எண்ணில் வெட்டியிருக்கிறார்கள். உரோமர் இரண்டு விதமாகவும் எழுதினார்கள். ஒன்றே சரியென்ற கண்டிப்புப் பிற்காலத்தது.

இதை அவருக்கு நான் எழுதவில்லை. போர்க்காலத்தில் கடிதம் போய்ச் சேருமா என்பது ஒரு சாட்டு. கடிதத்தில் எழுதினால் குற்றச்சாட்டாகிவிடுவதை, அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து கதைத்தால் வாதமாக்கிச் சிரித்திருக்கலாம். அப்படி அவரோடு வாதாடும் வயது வந்தபோது நான் அங்கே இல்லை. அந்த மணிக்கூடு திருத்துபவரின் மகன் கனடாவில் இருப்பதாகக் கேள்வி. இம்மலர் அங்கும் போகிறது என்பதால், 44 ஆம் வாயிலில் நான் எடுத்த படத்தையும் இக்கட்டுரையோடு அச்சிடுமாறு கேட்டிருக்கிறேன்.