தொட்டி காலியா, கம்பி அறுந்ததா?

மேல்நிலைத் தொட்டியின் மட்டம் திரையில் 0.00 மீட்டர் என்று நிற்கிறது. தொட்டி உண்மையிலேயே காலியாக இருக்கலாம். சென்சார் கேபிளை எலி கடித்திருக்கலாம். 24 வோல்ட் சப்ளையின் ஃபியூஸ் போயிருக்கலாம். மீட்டரிலிருந்து வரும் எண்ணை மென்பொருள் தவறாகப் படித்திருக்கலாம். பார்ப்பவருக்கு நான்கும் ஒரே 0.00 தான். பம்ப்புகளை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.க்கும் அப்படித்தான், தொட்டி காலி என்று எடுத்துக்கொண்டு பம்ப்பைப் போட்டுவிடும். தொட்டி நிரம்பி மொட்டை மாடியெல்லாம் தண்ணீர் ஓடினாலும் திரையில் அதே 0.00 நிற்கும்.

போர்வெல், சம்ப், மேல்நிலைத் தொட்டி, அவற்றுக்கு நடுவே பம்ப்புகள், சில கிலோமீட்டர் தள்ளி ஒரு திரை. ஆலையிலும் பெரிய குடியிருப்பிலும் இதே அமைப்புதான். இதைக் கட்டும்போது ஒவ்வொரு கம்பியிடமும் ஒவ்வொரு கருவியிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நீ அறுந்து போனால், "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வாயா, அல்லது ஒரு பொய் எண்ணைக் கொடுப்பாயா?

அளவீட்டை மின்னோட்டமாக்கிக் கம்பியில் அனுப்பும் 4-20 மில்லிஆம்பியர் லூப் இத்தனை வருடமாக நிலைத்து நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தக் கேள்விதான். பூஜ்ஜிய மட்டத்துக்கே 4 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். கம்பி அறுந்தால் 0 மில்லிஆம்பியர். ஆகவே காலித் தொட்டியும் அறுந்த கம்பியும் மின்சார அளவிலேயே வேறு வேறு. ஆலைக் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நமூரின் என்.இ. 43 பரிந்துரை இதை இன்னும் தெளிவாக வகுக்கிறது: 3.8 முதல் 20.5 மில்லிஆம்பியர் வரை அளவீடு, 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் கோளாறு.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் புரோகிராமில் இருக்கும் ஒரே ஒரு வரி. மட்டத்தைக் கரண்டாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் 0-5 மீட்டர் வகை என்றால் கணக்கு இப்படி: கரண்டிலிருந்து 4-ஐக் கழித்து, 16-ஆல் வகுத்து, 5-ஆல் பெருக்க வேண்டும். 12 மில்லிஆம்பியருக்கு 2.5 மீட்டர் வரும். கம்பி அறுந்து 0 மில்லிஆம்பியர் ஆனால் மைனஸ் 1.25 மீட்டர் வரும். அந்த மைனஸ்தான் கம்பி அறுந்ததற்கான சாட்சி. திரையில் மைனஸ் தெரிந்தால் அசிங்கம் என்று "0-க்குக் கீழே போனால் 0 என்று காட்டு" என ஒரு வரி சேர்க்கிறார்கள். சாட்சி அந்த இடத்தில் அழிந்துவிடுகிறது.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். மீட்டராக மாற்றும் முன்பே கரண்டைச் சோதியுங்கள். 3.6-க்குக் கீழே 2 விநாடி தொடர்ந்து இருந்தால் "சிக்னல் கெட்டது" என்ற பிட்டை (ஆம்/இல்லை குறியை) ஏற்றுங்கள். சரியான பிறகு 10 விநாடி நிலையாக இருந்தால்தான் அந்தப் பிட்டை இறக்க வேண்டும். இல்லையென்றால் லூசான டெர்மினல் ஒன்று பம்ப்பை நிமிடத்துக்குப் பத்து முறை போட்டு நிறுத்தும். கெட்ட சிக்னல் வரும்போது திரையில் கடைசி நல்ல எண்ணைச் சாம்பல் நிறத்தில், அது வந்த நேரத்தோடு காட்டலாம். பம்ப் அதை நம்பி ஓடக்கூடாது.

அப்போது பம்ப் நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. தொட்டி நிரப்பும் பம்ப் நிற்கட்டும். உலைக்குக் குளிர்நீர் கொடுக்கும் பம்ப்பை அப்படி நிறுத்தினால் உலையே போய்விடும். அது ஓடியாக வேண்டும். ஒவ்வொரு பம்ப்புக்கும் இதைக் காகிதத்தில் எழுதி, ஆலையை நடத்துபவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே புரோகிராமில் கை வையுங்கள். புரோகிராம் எழுதுபவர் தனியாக முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது.

லூப்பில் இன்னொரு வகைப் பொய்யும் உண்டு. டிரான்ஸ்மிட்டர் வேலை செய்ய 12 வோல்ட் வேண்டும், சப்ளை 24 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பி.எல்.சி. உள்ளீடு 250 ஓம், பேனல் கதவில் ஒரு டிஸ்ப்ளே 250 ஓம், இரு பக்கச் சுற்றையும் மின்சாரத் தொடர்பின்றிப் பிரிக்க நடுவில் சேர்த்த ஐசோலேட்டர் 250 ஓம்; மொத்தம் 750. மீதி 12 வோல்ட்டை 750-ஆல் வகுத்தால் 16 மில்லிஆம்பியர். அதற்கு மேல் கரண்ட் ஏறவே ஏறாது. தொட்டி வழிந்துகொண்டிருக்கும், திரை 3.75 மீட்டரில் நிற்கும். பாதித் தொட்டியில் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அதனால் வேண்டிய கரண்டை ஓட்டிச் சோதிக்கும் லூப் காலிப்ரேட்டரை டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தில் மாட்டி, லூப்பின் சப்ளையிலேயே அது இயங்கும்படி வைத்து, 20 மில்லிஆம்பியர் வரை ஏற்றிப் பாருங்கள். காலிப்ரேட்டர் தன் சொந்த பேட்டரியிலிருந்து கரண்டைத் தள்ளினால் இந்தக் குறை அகப்படாது.

தண்ணீருக்குள் தொங்கவிடும் பிரஷர் வகை மட்ட சென்சாருக்குத் தனியாக ஒரு தொல்லை. அதன் கேபிளுக்குள் மின்கம்பிகளோடு ஒரு மெல்லிய காற்றுக்குழாயும் போகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தை சென்சாரின் பின்பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. நம் வயர்மேன் நல்ல எண்ணத்தோடு கேபிள் முனையை டேப் சுற்றி அடைத்துவிடுவார், அல்லது துளி காற்றுப் போகாத பெட்டிக்குள் கிளாண்ட் போட்டு இறுக்கிவிடுவார். அதன்பின் வளிமண்டலம் ஏறி இறங்குவதெல்லாம் தண்ணீர் மட்டமாகத் தெரியும். 1 ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தண்ணீர். நம் ஊர் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் தினமும் காலை, இரவு 10 மணி வாக்கில் உச்சத்துக்கும், மாலை, அதிகாலை 4 மணி வாக்கில் தாழ்வுக்கும் போய் வருகிறது; ஏற்ற இறக்கம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். யாரும் தொடாத தொட்டியின் கிராஃபில் ஒரு நாளைக்கு இரண்டு அலை, 3 சென்டிமீட்டர் உயரத்தில் தெரிந்தால் காற்றுக்குழாயைப் போய்ப் பாருங்கள். புயல் நெருங்கி அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அதே சென்சார் 20 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும், அதுவும் தண்ணீர் வரத்து கூடும் நேரத்தில். பெட்டி மூச்சுவிட வேண்டும். குழாய் முனையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குப்பி வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும்.

அளவி பொய் சொன்னால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் இருந்த பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கைவிடப் பெரிய பாடம் வேண்டாம். 2005 டிசம்பர் 11 அதிகாலை, 912-ஆம் எண் தொட்டியில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. 3 மணி அளவில் மட்டமானி சிக்கிக்கொண்டு கிராஃப் நேர்கோடாகிவிட்டது. பெட்ரோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. தொட்டியின் தலையில் தனியாக ஒரு உச்ச மட்ட சுவிட்ச்சும் இருந்தது. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டு தேவை. அந்தப் பூட்டு எதற்கென்று புரியாமல் மாட்டாமலே விட்டிருந்தார்கள். சுவிட்ச் வேலை செய்யவில்லை. 6 மணிக்கு வெடித்தது. 40-க்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள்; ஞாயிறு விடியற்காலை என்பதால் உயிர்ப்பலி இல்லை.

இதிலிருந்து நம் தண்ணீர்த் தொட்டிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, அசையாத கோட்டைச் சந்தேகிக்க வேண்டும். பம்ப் ஓடும்போது மட்டம் அசைந்தே ஆக வேண்டும். பம்ப் போட்டு 5 நிமிடத்தில் மட்டம் 2 சென்டிமீட்டர்கூட மாறவில்லை என்றால் அலாரம் கொடுங்கள் (5 நிமிடமும் 2 சென்டிமீட்டரும் உங்கள் தொட்டியின் பரப்புக்கும் பம்ப்பின் லிட்டர் கணக்குக்கும் ஏற்ப மாறும்). இரண்டு, தொட்டியின் உச்சியில் பி.எல்.சி.யை நம்பாத ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வேண்டும். மிதவை மேலே வந்ததும் திறக்கும் கான்டாக்ட்டை, மோட்டாரைப் போட்டு நிறுத்தும் காண்டாக்டரின் காயிலோடு தொடரில் போடுங்கள். கம்பி அறுந்தாலும் பம்ப் நிற்கும். முக்கியமாக, ஆட்டோ-மேனுவல் சுவிட்ச்சுக்குப் பின்னால், இரண்டுக்கும் பொதுவான கம்பியில் போடுங்கள். ஆட்டோ பக்கம் மட்டும் போட்ட பேனல்கள் ஏராளம். தொட்டி வழிவதோ, யாரோ மேனுவலில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும்போது.

இனி ஆர்.எஸ். 485, அதாவது பல கருவிகள் ஒரே ஜோடிக் கம்பியில் பேசும் இணைப்பு. எனர்ஜி மீட்டர், மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி., ஃப்ளோ மீட்டர் எல்லாம் இதில்தான் தொங்குகின்றன. ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும், நட்சத்திரமாகப் பிரியக்கூடாது. இரண்டு கடைசி முனைகளில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர். சப்ளையை அணைத்துவிட்டு ஏ, பி கம்பிகளுக்கு நடுவே மல்டிமீட்டரில் பாருங்கள்: 60 ஓம் அளவில் வந்தால் சரி, 120 என்றால் ஒரு முனையில் இல்லை, 40 என்றால் யாரோ மூன்றாவதைப் போட்டிருக்கிறார். ஏ எது பி எது என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, ஆகவே ஒரு கருவி மட்டும் பேசவில்லை என்றால் முதலில் கம்பியை மாற்றிப் போட்டுப் பாருங்கள். வி.எஃப்.டி.யின் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் இழுக்காதீர்கள்.

அதன் மேல் கருவிகள் பேசும் மொழியான மோட்பஸ் 1979-இல் வந்தது. எளிமைதான் அதன் பலம், அதே எளிமை இரண்டு இடத்தில் காலை வாரும். கையேட்டில் 40001 என்று இருப்பது கம்பியில் 0-ஆம் முகவரி. ஒன்று தள்ளிப் படித்தால் வோல்டேஜ் இடத்தில் வேறெதுவோ வரும். அதையாவது பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது மோசமானது. 230.0 என்ற தசம எண் ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 4366, 0000 என இரண்டு ரிஜிஸ்டர்களில் (நினைவக அறைகளில்) உட்கார்கிறது. வரிசை மாறி 0000, 4366 என்று படித்தால், தசமப் புள்ளிக்குப் பின் 40 பூஜ்ஜியங்கள் உள்ள ஓர் எண் கிடைக்கும். திரையில் அது 0.00. கரண்ட் இல்லை என்று வயர்மேன் ஃபியூஸைத் தேடிக்கொண்டிருப்பார். மீட்டர் 230 காட்டி, திரை 0.00 காட்டி, தொடர்புக் கோளாறு எதுவும் இல்லையென்றால் வேர்டு வரிசையை, அதாவது இரண்டு ரிஜிஸ்டர்களின் வரிசையை, மாற்றிப் பாருங்கள்.

கருவி பதில் சொல்லாமல் போனால் நடுவில் நின்று எண்களைக் கடத்தும் பல கேட்வேக்கள் கடைசி எண்ணையே வைத்துக்கொண்டு கேட்பவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே பி.எல்.சி.யில் விநாடிக்கு ஒன்று ஏறும் ஓர் எண்ணை வைத்து, அதையும் மேலே அனுப்புங்கள். 30 விநாடி அது மாறவில்லை என்றால் அந்த நிலையத்தின் எல்லா எண்களும் சாம்பல் நிறமாகட்டும்.

தூரத்துக்கு அனுப்ப எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி அனுப்பும் முறை நல்லது. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவானது என்பதால், தொடர்பு அறுந்துபோவதையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். இணையும்போதே "நான் பேசாமல் போனால் இதை எல்லோருக்கும் சொல்லிவிடு" என்று ஒரு செய்தியைப் புரோக்கரிடம் (செய்திகளை வாங்கி விநியோகிக்கும் நடு சர்வரிடம்) ஒப்படைத்து வைக்கலாம். அதன் பெயரே உயில். இதற்குள் ஒரு முறையாவது பேசுவேன் என்ற கெடு (கீப் அலைவ்) 60 விநாடி என்றால், ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி மௌனத்துக்குப் பின் புரோக்கர் அந்த உயிலை வாசிக்கும். நிலையம் இருக்கிறதா இல்லையா என்ற செய்திக்கு, கடைசிச் செய்தியைப் புரோக்கரிலேயே வைத்திருக்கச் சொல்லும் ரிட்டெயின் கொடியைப் போடுங்கள். அளவீடுகளுக்கும் அதைப் போட்டால், நேற்றைய மட்டம் இன்று திரையைத் திறப்பவருக்குப் புத்தம் புதிதுபோல வந்து நிற்கும். ஒவ்வொரு அளவீட்டோடும் அது எடுக்கப்பட்ட நேரம் போக வேண்டும், வந்து சேர்ந்த நேரம் போதாது. கிராஃபில் 1970 ஜனவரி 1, காலை 5:30 (கணினிக் கடிகாரம் எண்ணத் தொடங்கும் பூஜ்ஜியம், நம் நேரப்படி) என்று ஒரு புள்ளி தெரிந்தால், அங்குள்ள கடிகார பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

மோடத்துக்கு ஒரு சிறு பேட்டரி கட்டாயம். கரண்ட் போனதைச் சொல்ல வேண்டிய கருவி கரண்டோடு சேர்ந்தே அணைந்தால் என்ன பயன்? மோட்பஸுக்குக் கடவுச்சொல்லே கிடையாது என்பதால் அது பயன்படுத்தும் 502 போர்ட்டை இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். நிலையம்தான் வெளியே அழைக்க வேண்டும், அல்லது வி.பி.என். (இணையத்துக்குள்ளே ஒரு தனி மறைவழி) வேண்டும்.

"பம்ப் ஓடுகிறது" என்ற பச்சை விளக்குக்கு நான்கு அர்த்தம் இருக்கலாம்: கட்டளை போனது, காண்டாக்டர் இழுத்தது, மோட்டார் கரண்ட் எடுத்தது, தண்ணீர் வந்தது. நான்காவதைத் தவிர மற்ற மூன்றும் தண்ணீர் வராமலே நடக்கும். ஃப்ளோ மீட்டர் வாங்கப் பணம் இல்லை என்றால் மோட்டாரின் கிலோவாட்டைப் படியுங்கள். போர்வெல்லில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றும்போது ஆம்பியர் கொஞ்சம்தான் இறங்கும். பவர் ஃபேக்டரும் (கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) சேர்ந்து விழுவதால் கிலோவாட் நன்றாக இறங்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் அமைப்பை ஆம்பியரில் வைத்து ஏமாறுவதைவிட கிலோவாட்டில் வைப்பது நம்பகமானது.

அலாரத்துக்கு இரண்டே விதி. 4.5 மீட்டரில் அடித்தால் 4.3-க்கு இறங்கிய பிறகே அடங்கட்டும். 10 விநாடி நிலைத்தால்தான் அடிக்கட்டும். தொட்டியில் விழும் தண்ணீரின் அலைக்கெல்லாம் போன் அடித்தால், மூன்றாம் நாள் காவலாளி சத்தத்தை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒப்படைக்கும் நாளில் எல்லாம் ஓடுவதைக் காட்டுவார்கள். நீங்கள் எல்லாவற்றையும் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். சென்சாரின் ஒரு கம்பியை டெர்மினலிலிருந்து கழற்றுங்கள். 24 வோல்ட் ஃபியூஸை எடுங்கள். 485 கம்பியை உருவுங்கள். ஆன்டெனாவைக் கழற்றி 90 விநாடி எண்ணுங்கள். மெயின் சுவிட்ச்சை இறக்குங்கள். பி.எல்.சி.யை ஸ்டாப்பில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பம்ப் என்ன செய்தது, திரை என்ன சொன்னது, எத்தனை விநாடியில் சொன்னது என்று எழுதுங்கள். கடைசியாக ஒருவர் தொட்டி மேல் ஏறி, பம்ப் ஓடும்போதே உச்சி ஃப்ளோட்டைக் கையால் தூக்கட்டும். ஆட்டோவில் ஒரு முறை, மேனுவலில் ஒரு முறை. அந்தத் தாளைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டி, ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒவ்வொரு வருடமும் மறுபடி செய்து, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.