பியர்டட் டிராகனுக்கு ஒரு மரக்கூடு

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் உள்ள வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட, வீடுகளில் வளர்க்கப்படும் பல்லியினமான பியர்டட் டிராகனுக்காக நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட ப்ளைவுட் கூடு ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். பலகை அறுப்பதும் திருகாணி முடுக்குவதும் தச்சு வேலையில் ஓரளவு பழக்கமுள்ள எவருக்கும் கைகூடும். அதன்பின் வரும் பூச்சிலும் உலர்த்தலிலும் சோதனையிலும் காட்டும் பொறுமைதான் கூட்டின் தரத்தை முடிவு செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஈரமும் எச்சமும் மரத்தில் ஊறாதிருக்க, நீர் சார்ந்த பாலியூரிதேன் வார்னிஷை உட்புறம் முழுவதும் பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டே அடுத்ததைப் பூசினேன். மூலைகளை அடைக்கப் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராத, மீன்தொட்டிக்கான சிலிகானையே வாங்க வேண்டும். காயும்போது அதிலிருந்து எழும் காடி நெடி அடியோடு போகும்வரை பிராணியை உள்ளே விடலாகாது.

பின்சுவரைத் தெர்மோகோலில் பாறைபோலச் செதுக்கினேன். டைல்ஸ் இடுக்குகளை அடைக்கப் பயன்படும் கிரவுட்டை முதலில் நீர்க்கக் கரைத்துப் பூசினால்தான் அது இடுக்குகளுக்குள் இறங்கும். அதன்மேல் கெட்டியான பூச்சுகளை ஏற்றலாம். தெர்மோகோல் எங்கேனும் வெளியே தெரிந்தால், இரைக்காக விடும் சிள்வண்டுகள் அதைக் கடித்துக் குடைந்து உள்ளே ஒளிந்துகொள்ளும். காற்றுத் துளைகளைக் குளிர்ந்த பக்கத்தில் தாழ்வாகவும் வெப்ப விளக்கு இருக்கும் சூடான பக்கத்தில் உயரமாகவும் வைத்தால், மேலெழும் வெப்பக் காற்றே புதிய காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

புற ஊதா பி கதிர் தரும் டி5 என்னும் மெல்லிய குழல் விளக்கைச் சூடான பக்கத்திலிருந்து கூட்டின் பாதி நீளத்துக்கும் மேல் வரும்படி உட்புறமே பொருத்தினேன், ஏனெனில் சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கதிர் கிடைக்காவிட்டால் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. அது குறைந்தால் உண்ணும் கால்சியம் உடலில் சேராமல் எலும்புகள் மென்மையாகி வளைந்துவிடும்.

கடைசியாக, வெற்றுக் கூட்டில் விளக்குகளைச் சில நாட்கள் எரியவிட்டேன். சுவரில் மாட்டும் வெப்பமானி காற்றின் சூட்டை மட்டுமே சொல்லும் என்பதால், வெப்ப விளக்கின் கீழுள்ள கல்லை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, அதன் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸை ஒட்டியும் எதிர்ப்பக்கம் 25 டிகிரி அளவிலும் நிலைக்கும்வரை விளக்கின் உயரத்தை மாற்றினேன். குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர்வீச்சு நாளடைவில் குறையுமாதலால், பொருத்திய தேதியை அதன் ஓரத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.