பாடத்தில் மனம் ஒட்டாத மாணவரும் ஆசிரியரின் முதல் வேலையும்

அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் வகுப்பறையின் பெரிய சிக்கல் எது என்று கேட்டால், உயர்நிலை வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சொல்வது, பிள்ளைகள் கவனிப்பதில்லை என்பதைத்தான். கைப்பேசி, வீட்டுச் சூழல், கீழ்வகுப்புகளில் அடித்தளம் சரியில்லாமை என்று காரணங்களும் உடனே வந்துவிடும். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ஆசிரியர் மாற்றக்கூடியது அவற்றில் அனேகமாக ஒன்றுமில்லை.

இந்த இடத்தில்தான் டிசைன் திங்கிங் எனப்படும் வடிவமைப்புச் சிந்தனை, அதாவது பயன்படுத்துபவரின் தேவையை முதலில் அறிந்து, தீர்வைச் சிறிதாகச் செய்துபார்த்துத் திருத்தும் முறை, உதவும் என்று நினைக்கிறேன். ஐடியோ என்னும் வடிவமைப்பு நிறுவனம் நியூயார்க்கின் ரிவர்டேல் பள்ளியோடு சேர்ந்து ஆசிரியர்களுக்காக ஒரு கையேட்டை வெளியிட்டிருக்கிறது. நம் நாட்டில் அகமதாபாத் ரிவர்சைடு பள்ளியை நிறுவிய கிரண் பீர் சேத்தி, 2009-இல் ‘டிசைன் ஃபார் சேஞ்ச்’ இயக்கத்தைத் தொடங்கி, உணர், கற்பனை செய், செய், பகிர் என்று மாணவரே பின்பற்றக்கூடிய நான்கு படிகளாக இம்முறையைச் சுருக்கினார். படிகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறினாலும், பயன்படுத்துபவரின், இங்கே மாணவரின், நிலையை அறியாமல் தீர்வுக்குப் போகாதே என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. நான் நடத்துவது உட்பட நம் ஆசிரியர் பயிற்சிகளிலோ அந்த முதல் படி அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். எஞ்சிய பொழுதெல்லாம் தீர்வு யோசனைகளை எழுதிய வண்ணச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டுவதிலேயே கழியும்.

முதல் படியை முழுமையாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை செய்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் புத்தகத்தையே திறக்காத மாணவன் ஒருவனை, தலைமையாசிரியரின் ஒப்புதலோடு ஒரு நாள் முழுவதும் எல்லாப் பாடவேளைகளிலும் பின்பெஞ்சில் அமர்ந்து அவர் கவனித்தார். அமெரிக்க ஆசிரியை அலெக்சிஸ் விக்கின்ஸ் இப்படி மாணவரைப் பின்தொடர்ந்து, நாளெல்லாம் அசையாமல் உட்கார்ந்து கேட்பதே எவ்வளவு அலுப்பூட்டுவது என்று 2014-இல் எழுதியது பரவலாகப் பேசப்பட்டது. நம் ஆசிரியைக்கும் முதலில் முதுகுவலிதான் தெரிந்ததாம். கரும்பலகையில் இருப்பதை அந்த மாணவன் ஓர் எழுத்து பிசகாமல் பார்த்து எழுதினான். காலை முழுவதும் எந்த ஆசிரியரிடமும் ஒரு சொல் பேசவில்லை. மதியம் ஒளியியல் பாடத்தில் குழியாடியைக் கையில் கொடுத்ததும், சன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தின் தலைகீழ்ப் பிம்பத்தை வெள்ளைத்தாளில் முதலில் விழவைத்தவன் அவனே. குவியத்தொலைவை அளந்து பக்கத்துக் குழுவுக்கும் காட்டினான். அடுத்து, பாடநூலின் கணக்கை எடுக்கச் சொன்னவுடன் தலை குனிந்துவிட்டது. பள்ளி விட்டதும் மைதானத்தில் நடந்தபடி, “ஏம்ப்பா, புத்தகத்தைத் திறக்கவே மாட்டேங்கிறியே?” என்று கேட்டபோது, “திறந்தா எழுந்து வாசிக்கச் சொல்வாங்க மிஸ்” என்று பதில் வந்தது.

அதுவரை அவன் பெயர் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் இருந்தது. அந்தப் பதிலுக்குப் பிறகு, மாணவரை எப்படிக் கவனிக்கவைப்பது என்ற கேள்வி, எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒருவன் வகுப்பின் முன் தலைகுனிய நேராமல் அறிவியல் பத்தியின் பொருளை எட்ட என்ன வழி என்று மாறியது. கேள்வி இவ்வளவு குறுகிய பின்னரே தீர்வுகளைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது.

அவர் செய்த மாற்றங்கள் சிறியவை. திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்தி, மறுநாள் யார் எந்தப் பத்தியை வாசிப்பது என்று முதல்நாளே சொல்லி, இருவர் இருவராக வாசித்துப் பார்த்து வரச் செய்தார். பத்திக்கு முன்பாகச் சோதனையை வைத்தார். எதிர்பார்த்தபடியே, சில இணைகளில் நன்றாக வாசிப்பவரே எல்லாவற்றையும் வாசித்துவிட மற்றவர் தலையாட்டியதோடு சரி. அதனால் ஒருவர் வாசிக்க, கேட்பவர் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவேண்டும் என்று மாற்றினார். அப்போது வேறொன்று வெளிப்பட்டது. எப்போதும் வீட்டுப்பாடத்தோடு வரும் முன்பெஞ்சு மாணவியர் சிலரால், தாங்கள் அழகாக எழுதிவைத்திருந்ததைப் படமாக்க முடியவில்லை. மாணவர் ஈடுபாட்டை நடத்தை, உணர்ச்சி, அறிவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று ஃபிரெட்ரிக்ஸ், புளூமன்ஃபெல்ட், பாரிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2004-இல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. அமைதியான வகுப்பு நடத்தையளவில் மட்டுமே ஈடுபட்டிருக்கலாம். நாமோ அதைக் கட்டுப்பாடான வகுப்பு என்று பாராட்டிவிடுகிறோம். அந்த மாணவன் இன்னும் தானாகக் கை உயர்த்துவதில்லை, ஆனால் புத்தகம் திறந்திருக்கிறது என்றார் ஆசிரியை.

மாணவரிடம் கேட்கும் முறையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆசிரியர் அறைக்கு வரவழைத்து, மற்ற ஆசிரியர்கள் பார்த்திருக்க, “ஏன் கவனிக்கவில்லை?” என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும், “இனிமேல் கவனிக்கிறேன்” என்பதைத் தவிர வேறு விடை வராது. நேற்று எந்தப் பாடவேளை சீக்கிரம் முடிந்ததுபோல் இருந்தது, எது நகரவே இல்லை என்று கேட்டால் பேச்சு வளரும்.

இம்முறைக்கு எட்டாதவையும் உண்டு. இரவெல்லாம் வேலைக்குப் போய்விட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளைக்கு இணைவாசிப்பு தீர்வாகாது. வாசிப்புச் சிரமத்துக்குக் கற்றல் குறைபாடு காரணமாக இருக்கலாம் என்று தோன்றினால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காலம் தாழ்த்தாமல் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைப் பெற மருத்துவச் சான்று தேவைப்படுவதால், ஒன்பதாம் வகுப்பிலேயே அந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

ஒரு நாள் முழுவதும் ஒரு மாணவரைப் பின்தொடர யாருக்கு நேரம் இருக்கிறது என்ற எதிர்ப்பு நியாயமானதே. ஆகவே இப்போது நான் கேட்பது அரைநாள்தான். அந்தப் பாடவேளைகளுக்கு மாற்று ஆசிரியரைத் தலைமையாசிரியர் ஒதுக்கித் தரவேண்டும். அந்த அரைநாளில் கவனித்ததை எழுதிய குறிப்பேட்டோடு வருபவர்களுக்கு மட்டுமே பயிற்சியின் அடுத்த அமர்வு. வண்ணச் சீட்டுகளை அன்றைக்குத்தான் எடுப்பேன்.