ஷிப்கா வழியாகப் போகலாமா?

பல்கேரியாவைக் காரில் சுற்ற நானும் அம்மணியும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏங்க, கசான்லக்ல இருந்து வெலிகோ தர்னோவோ நூறு கிலோமீட்டர்கூட இல்ல. ரெண்டு மணி நேரம் கிட்ட காட்டுதே?"

மேப்பைப் பெரிதாக்கினேன். நடுவில் பால்கன் மலைத்தொடர். இடியாப்பம் பிழிந்த மாதிரி சாலை. உச்சியில் ஷிப்கா கணவாய், ஏறக்குறைய 1,200 மீட்டர். 1877இல் ரஷ்யர்களும் பல்கேரியத் தொண்டர்களும் ஒட்டோமான் படையை மறித்து நின்ற இடம். சுற்றிப் போக மனசு வருமா?

சோஃபியாவில் கார் எடுத்து பிளோவ்டிவ் வரை நெடுஞ்சாலைதான், கவலையில்லை. (சாலை வரி வின்யெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.) 2026 முதல் யூரோ. பழைய நாணயமான லெவ்வுக்கு மாற்றும் வேலையும் மிச்சம்.

கசான்லக்கில், அந்தப் பக்கம் பழங்காலத்தில் வாழ்ந்த திரேசியர்களின் கல்லறையில்தான் பஞ்சாயத்து. 2,300 ஆண்டுப் பழமையான சுவரோவியம் கெட்டுவிடக் கூடாதென்று, பக்கத்திலேயே அச்சு அசலாகக் கட்டிய நகலைத்தான் பெரும்பாலும் காட்டுகிறார்கள்.

"டூப்ளிகேட்டைப் பார்க்கவா அவ்ளோ தூரம்?"

எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நம் மூச்சுக்காற்றே அந்த ஓவியத்துக்கு விஷம். பார்க்கும் ஆசையைவிட அது பிழைத்திருப்பது பெரிது என்று ஓர் ஊர் முடிவெடுத்திருக்கிறதே!

ரீலா மடாலயம் வேறு திசை. திட்டத்திலிருந்து வெட்டியாச்சு.

மே கடைசியில் போனால் கசான்லக் பக்கம் ரோஜா பறிப்பதையும் பார்க்கலாம். விடியற்காலையில் பறிப்பார்கள். அம்மணி எழுந்திருக்க வேண்டுமே!