ஜனவரியில அர்ஜென்டினா: மலம்போவும் சாக்கரேராவும்

ஜனவரி 11, லபோர்தே

கோர்தோபா மாகாணத்துல வயக்காட்டுக்கு நடுவுல இருக்கிற சின்ன ஊர். 1966ல இருந்து இங்கதான் தேசிய மலம்போ விழா. ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடிய ஓடுது, நான் மூணு மணிக்கே கொட்டாவி விட்டுட்டு இருந்தேன், பக்கத்துல ஒரு பாட்டி மாத்தே டீயை உறிஞ்சிக்கிட்டு அசராம உக்காந்திருந்தாங்க.

மலம்போ கவ்சோக்களோட, அதாவது குதிரைல மாடு மேய்க்கிறவங்களோட ஆட்டம். பாட்டு கிடையாது, ஜோடி கிடையாது, தனி ஆளு, கால் மட்டும்தான். அதிகபட்சம் அஞ்சு நிமிஷம். கேக்க கம்மியா தெரியும், ஆடி முடிச்சு மேடைக்குப் பின்னாடி வர்றவன் மூச்சு வாங்குறதைப் பாத்தா போதும்.

ஜனவரி 12

ரெண்டு பாணி இருக்கு. வடக்குப் பாணிக்கு ஹீல் வச்ச பூட்ஸ், கித்தாரோட பொம்போ மேளமும் சேரும், பலகை அதிரும். தெற்குப் பாணிக்குக் குதிரைத் தோல்ல செஞ்ச பூட்ஸ், முன்னாடி திறந்தே இருக்கும், கால் விரல் வெறும் பலகைல உரசும். இன்னைக்கு முன்வரிசைல உக்காந்ததால ஒருத்தன் பெருவிரல் ஓரம் ரத்தமா இருந்ததே தெரிஞ்சுது, ஆனா இடுப்புக்கு மேல எதுவுமே நடக்காத மாதிரி நிக்கிறான். வலது கால்ல போட்ட அடவை அப்படியே இடது கால்ல திருப்பிப் போடணும், சொதப்புனா அங்கதான் சொதப்பும்.

இங்க ஜெயிச்சவன் அப்புறம் எந்த ஊர்லயும் தனி மலம்போ போட்டிக்குப் போகக் கூடாது. எழுதாத சட்டம், எல்லாரும் மதிக்கிறாங்க. அடுத்த வருஷம் வந்து பட்டத்தைக் கொடுத்துட்டு கடைசியா ஒரு ஆட்டம், அவ்வளவுதான். உச்சத்துக்குப் போனதும் கதவைச் சாத்திக்கிறது என்ன பிடிவாதமோ, எனக்குப் புரியல, ஆனா பிடிச்சிருக்கு.

ஜனவரி 25, கொஸ்கின்

இது பெரிய கூட்டம். 1961ல தொடங்கின நாட்டுப்புற இசை விழா, ஒன்பது ராத்திரி. 1965ல கூட்டத்துல இருந்த பாடகி மெர்செதெஸ் சோசாவை, பாடகர் ஹோர்ஹே கஃப்ரூனே கூப்பிட்டு மேடை ஏத்திவிட்டாரு, அந்தம்மா பொம்போவைத் தானே அடிச்சுக்கிட்டுப் பாடினது இந்த விழாவுலதான்.

மேடைல இன்னைக்கு சாக்கரேரா, இது ஜோடி ஆட்டம். வரிசை வரிசையா ஜோடிங்க, எல்லா பாவாடையும் ஒரே நேரத்துல ஒரே பக்கம் திரும்புது. கச்சிதம். எனக்கென்னவோ போர் அடிச்சுது, பரேடு பாத்த மாதிரி.

ஜனவரி 26

மேடையை விட்டுட்டு பெஞ்யாவுக்குப் போனேன், சாப்பாடு, வைன், பாட்டு, நடுவுல ஆட்டம், வர்றவங்க யார் வேணா ஆடலாம். இங்கதான் சாக்கரேரா உயிரோட இருக்கு. பாட்டு 6/8ல ஓடுது, அதாவது ஆறு எண்ணிக்கையை மூணு மூணா பிரிச்சு, பொம்போ அதுக்கடியில 3/4ல, அதே ஆறை ரெண்டு ரெண்டா மூணு அடியா அடிக்குது, அதுலயும் முதல் அடி விளிம்புல லேசா, கனமான அடி தோல்ல, ரெண்டாவதுலயும் மூணாவதுலயும். நாம பழக்கதோஷத்துல முதல் அடிக்குக் கை தட்டுவோம், அங்க ஒண்ணும் இருக்காது!

ஜோடி ஒருத்தரை ஒருத்தர் தொடவே மாட்டாங்க. எதிரும் புதிருமா நின்னு விரல் சொடுக்கி, ஆம்பள கால் தட்ட, பொம்பள பாவாடையை அசைக்க, பாதியில யாரோ "ரெண்டாவது!"ன்னு கத்த, திரும்ப முதல்ல இருந்து. ஒரு பத்து வயசுப் பையன் அவன் அத்தையோட ஆடினான், கால் தட்டு ஒழுங்கா விழல, முகத்துல அப்படி ஒரு திமிரு.

மலம்போவுக்கு மேடை வேணும், சாக்கரேராவுக்கு வேணாம். நாளைக்கு ராத்திரி டிக்கெட் கையில இருக்கு, ஆனா பெஞ்யாவுக்குத்தான் போகப் போறேன்.