பத்து டொலரும் ஐந்து டொலரும்

மலர்க் குழுத் தம்பி போனில், "கல்லூரி நினைவு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை" என்றார். பிக் மட்சையும் விடுதிப் பாணையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். எனக்கு எங்கள் வரலாற்றுச் சேர் கேட்ட ஒரு கேள்விதான் வருகிறது.

உயர்தர வகுப்புத் தவணைச் சோதனையில், "லிங்கன் அடிமைகளை விடுவிக்க விரும்பினார், போர் மூண்டது" என்று ஒரே வரியில் அமெரிக்க உள்நாட்டுப் போரை முடித்திருந்தேன். சேர் அதைச் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் "அவ்வளவு சுகமோ?" என்று எழுதியிருந்தார்.

அடுத்த பாடவேளையில் கரும்பலகையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. 36 பாகை 30 கலை. 1820இல் மிசூரியை அடிமை மாநிலமாகவும் மெயினைச் சுதந்திர மாநிலமாகவும் சேர்த்து, மேற்கே இந்தக் கோட்டுக்கு வடக்கில் அடிமை முறை கூடாது என்று ஒரு சமரசம். செனற் சபையில் இரு பக்கமும் சமனாக இருக்கவேண்டும், அதுதான் கணக்கு. பருத்தி பெருகப் பெருக அடிமைகளும் பெருகினார்கள். 1860இல் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். இடையில் கலிபோர்னியா சுதந்திர மாநிலமாக வந்ததும் தராசு சரிந்தது. அதற்கு அடிமை முறை இருந்த தென்பகுதி வாங்கிய விலைகளில் ஒன்றுதான், வடக்குக்குத் தப்பியவர்களைப் பிடித்து எசமானிடம் திருப்பி அனுப்பும் 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம்.

இங்கே சேர் சோக்கைக் கீழே வைத்தார். "பிடிபட்டவன் தனக்காகச் சாட்சி சொல்லேலாது. ஜூரியும் இல்லை. வழக்கைத் தீர்க்கிற ஆணையாளர் ஆளைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு 10 டொலர், விட்டுவிட்டால் 5 டொலர். அனுப்புறதெண்டால் எழுத்துவேலை கூடவாம்! நீங்கள் ஆணையாளரெண்டால் என்ன செய்வியள்?"

பின்வாங்கிலிருந்து என் நண்பன், "பத்துத்தான் சேர்!" என்றான். வகுப்பே சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. அன்ரனி பேர்ண்ஸின் கதையைத் தொடங்கினார்.

வேர்ஜீனியாவின் ரிச்மண்டிலிருந்து கப்பலில் தப்பி, வடக்கே பொஸ்ரனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்த இளைஞன். அண்ணனுக்கு எழுதிய கடிதம் எசமானின் கையில் சிக்கியது. 1854 மே மாதம் களவுக்குற்றம் என்று பொய் சொல்லிப் பிடித்தார்கள். அவனை மீட்க நீதிமன்றக் கதவை உடைக்கப்போன கலவரத்தில் ஒரு காவலர் இறந்தார். ஜூன் 2ஆம் திகதி, தெருவோரக் கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்க, படை சூழ அவனைத் துறைமுகத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அதற்கு மூன்று நாள் முந்தித்தான் ஜனாதிபதி பியர்ஸ் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டத்தில் ஒப்பமிட்டு, அடிமை முறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுபவர்களிடமே விட்டு, அந்த 36 பாகைக் கோட்டையே அழித்திருந்தார். அதன்பின் கான்சஸில் வெட்டும் சூடும்.

"அதுவரைக்கும் வடக்கில கனபேருக்கு அடிமை முறை தூரத்துக் கதை. இப்ப வாசலுக்கு வந்திட்டுது" என்றார் சேர். வட மாநிலங்கள் சில, இந்தச் சட்டத்துக்கு முட்டுக்கட்டை போடத் தாங்களும் சட்டம் இயற்றின. லிங்கன் 1860 ஜனாதிபதித் தேர்தலில் கேட்டதோ புதிய பிரதேசங்களுக்கு அடிமை முறை பரவக்கூடாது என்பதை மட்டும். அவர் வென்றதும் டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தது. அது வெளியிட்ட காரணப் பிரகடனத்தில் பெரிய முறைப்பாடே, வடக்கு தப்பியோடியவர்களைத் திருப்பித் தருவதில்லை என்பது. மாநில உரிமைக்காகத்தான் பிரிந்தார்கள் என்று இன்றும் வாதிடுபவர்களைக் கண்டால் எனக்கு இந்த இடந்தான் ஞாபகம் வரும். பிரிந்தவர்களுக்கு உறுத்தியது மற்ற மாநிலங்களின் உரிமை.

யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமாரை அனுப்பிய அமெரிக்கச் சங்கத்தின் தலைமையகமும் அதே பொஸ்ரனில்தான் இருந்தது. அடிமை உடைமையாளரின் காசை வாங்கலாமா என்ற பிணக்கு அதையும் விடவில்லை. அதன் போக்குப் பிடிக்காதவர்கள் 1846இல் வேறு சங்கம் அமைத்தார்கள். இதைச் சேர் சொல்லவில்லை, பிற்பாடு நானாக வாசித்தது.

பேர்ண்ஸைப் பின்னர் 1300 டொலர் கொடுத்து மீட்டார்கள். கனடாவுக்கு வந்து, சென். கத்தரின்ஸில் போதகராக இருந்து 1862இல் காலமானார். ரொறன்ரோவுக்கு வந்து முப்பது வருடம் கழித்துத்தான் அந்தக் கல்லறைக்குப் போனேன். காரை ஓட்டியவன் பின்வாங்கு நண்பன். குளிருக்குக் கையைப் பொக்கற்றுக்குள் விட்டபடி கனநேரம் நின்றான்.

"அண்டைக்கு நான் பகிடிக்குத்தான் சொன்னனான்" என்றான்.

"சேருக்குத் தெரியும்" என்றேன்.