கிம்ச்சி ஹாட்டிஷ்: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 6

ஓவனில் ஒரே ட்ரேயில் சுட்டெடுக்கிற இந்தச் சாப்பாட்டை அமெரிக்காவின் மினசோட்டாவில் கேசரோல் என்றால் திருத்துவார்கள். ஹாட்டிஷ். அடியில் மாட்டுக் கொத்துக்கறி, கூடவே பீன்ஸ், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஒரு டப்பா காளான் க்ரீம் சூப், மேலே வரிசையாக டாட்ஸ், துருவிய உருளைக்கிழங்கைச் சின்ன உருளைகளாகப் பொரித்து உறையவைத்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்கும் போகும், இழவு வீட்டுக்கும் போகும்.

முதல் ட்ரே, 9க்கு 13 அங்குலம்: கறி 450 கிராம், வெங்காயம் 1, கிம்ச்சி (காரம் போட்டுப் புளிக்கவைத்த கொரிய முட்டைக்கோஸ்) ஒன்றரை கப், கோச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது) 2 மேசைக்கரண்டி, 298 கிராம் சூப் டப்பா 1, ஃப்ரோசன் பீன்ஸ் 2 கப், டாட்ஸ் 900 கிராம். 400 டிகிரி ஃபாரன்ஹீட், 45 நிமிடம்.

மேலே நல்ல பொன்னிறம். கரண்டியை விட்டால் கீழே குளம். ஒவ்வொரு டாட்டும் பாதி மொறுமொறு, பாதி சொதசொத.

ஜனவரி 7

குளத்துக்குக் காரணம் சூப் இல்லை. அதில் மாவுச்சத்து நிறைய, தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை கப் கிம்ச்சியைப் பிழிந்தால் கால் கப்புக்கு மேல் சாறு வருகிறது. பீன்ஸ் உருகும்போது அதன் பங்குக்குக் கொஞ்சம். இரண்டும் ஓவனுக்குள் போன பிறகுதான் விடுகின்றன.

ஆகவே: கிம்ச்சியைப் பிழிந்து, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்க வேண்டும். கறியை முதலில் வறுத்து எடுத்துவிட்டு, சட்டியில் 2 மேசைக்கரண்டி கொழுப்பை மட்டும் விட்டு, அதில் கிம்ச்சியை 8 நிமிடம். ஓரங்கள் கண்ணாடி மாதிரி ஆகி, ஆங்காங்கே சிவக்கும். அதற்கு முன்னால் இறக்கினால் பச்சை முட்டைக்கோஸ் வாடை போகாது. பிறகு நடுவில் இடம் ஒதுக்கி கோச்சுஜாங். மசாலாவுக்குப் பார்க்கிற அதே பதம்தான், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக வர வேண்டும். ஒரு நிமிடம் போதும். கடையில் வாங்கும் கோச்சுஜாங்கில் சர்க்கரைப் பாகும் அரிசியும் உண்டு. இரண்டாவது நிமிடத்தில் அடிப்பிடித்துக் கசக்கும்.

கிம்ச்சி புளித்ததாக இருக்கட்டும். நேற்றுப் போட்ட கிம்ச்சி சாலட்டுக்கு. சூப்பின் மந்தமான கொழுப்பை வெட்டப் புளிப்பு வேண்டும். இல்லாவிட்டால் வெறும் காரம்தான் மிஞ்சும்.

ஜனவரி 8

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை. குளம் வற்றிவிட்டது. டாட்ஸ் மட்டும் இன்னும் சொதசொத.

ஜனவரி 10

டாட்ஸ் கணக்கு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த டாட்ஸை ஆறிப்போன கறிமேல் அடுக்கினால், கறி சூடேறும் அந்த இருபது நிமிடமும் அவை ஆவியில் வேகின்றன. மொறுமொறுப்பு வருவதற்குள் அடிப்பக்கம் ஊறிவிடும்.

மூன்று மாற்றங்கள் செய்ததில் சரியானது. கறியை அடுப்பிலேயே கொதிக்க வைத்து, கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி தெரிகிற அளவுக்குக் கெட்டியாக்கி, கொதிக்கக் கொதிக்க ட்ரேயில் பரப்புவது. டாட்ஸைத் தனித் தட்டில் 425 டிகிரியில் 15 நிமிடம் சுட்டுவிட்டு மேலே அடுக்குவது. ட்ரேயை ஓவனின் மேல்தட்டில் வைப்பது. இன்னும் 20 நிமிடம், மூடாமல்.

டாட்ஸை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கினால் பார்க்க அழகு. ஆனால் ஆவி போக வழி இல்லை. விரல் நுழைகிற இடைவெளி விட்டேன், 900 கிராமில் 700தான் பிடித்தது. மீதியைத் தனியாகத் தின்றாயிற்று.

இந்த டாட்ஸே ஒட்டுப்போட்ட சரக்குதான். ஓரிகனில் ஓர்-ஐடா கம்பெனி நடத்திய க்ரிக் சகோதரர்கள், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வெட்டி மிஞ்சிய துண்டுகளை வீணாக்க மனமில்லாமல் 1953இல் உருட்டியது.

ஜனவரி 11

கறிக்குப் பதில் ஸ்பாம், டப்பாவில் அடைத்த பன்றிக்கறி. 340 கிராம் டப்பா ஒன்று, அரை அங்குலச் சதுரங்களாக, எண்ணெய் இல்லாமல் வறுத்து. எல்லா ட்ரேயிலும் ருசியானது இதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்பாம் பிறந்த ஊர் இதே மாநிலத்தில் ஆஸ்டின், 1937. போரோடு அமெரிக்கப் படை முகாம்கள் வழியாகக் கொரியாவுக்குப் போனது. முகாமை ஒட்டிய உய்ஜொங்பூவில் சாசேஜோடும் கிம்ச்சியோடும் ஒரே சட்டியில் கொதித்து 'புதே ஜிகே' ஆனது. படைமுகாம் குழம்பு என்று பொருள். சுசோக் பண்டிகைக்கு ஸ்பாம் டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கிப் பரிசு கொடுப்பது அங்கே கௌரவம். ஆக, கிம்ச்சியும் ஸ்பாமும் பழைய சம்பந்திகள். டாட்ஸ்தான் புது மாப்பிள்ளை.

ஜனவரி 13

தொக் போட்டுப் பார்த்தது தப்பு. அரிசி மாவு உருளைகள், 30 நிமிடம் ஊறவைத்து, சாஸில் முழுக்க மூழ்கும்படி போட்டால் சுடச்சுட அருமை. வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை ரப்பர் செருப்பு. மூழ்கியவையும் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு கழிந்ததும் சுண்ணாம்புக்கட்டி மாதிரி விறைத்தன. பழைய சோறு விறைக்கிற அதே காரணம். சூடாக்கினால் இளகும், ஆனால் அதற்குள் டாட்ஸ் கருகும். எடுத்துப்போகிற சாப்பாட்டில் தொக் வேண்டாம்.

ஜனவரி 14

போன் வந்தது. உப்பு குறைவாக. அவ்வளவுதான் சொன்னார்கள்.

ஜனவரி 15

உப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று டப்பாக்களை வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தேன். ஸ்பாம். கிம்ச்சி. கோச்சுஜாங். சோயா சாஸ். சூப். டாட்ஸ். பீன்ஸைத் தவிர எல்லாவற்றிலும். உப்பு டப்பாவைத் திறக்காமலே இத்தனை.

சூப் டப்பாவின் பக்கவாட்டில் போட்டிருக்கும் சோடியம் அரை கப்புக்கு. டப்பாவில் அப்படி இரண்டரை இருக்கிறது. பலரும் டப்பா முழுவதற்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்கப் பண்டத்தில் கொரிய ருசி சேர்க்கிறோம் என்று எழுதுகிறவர்கள் எல்லாம் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்: கோச்சுஜாங், அதன்மேல் சோயா, அதன்மேல் கிம்ச்சி, அதன்மேல் சீஸ். சூப் டப்பாவும் கிம்ச்சியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் குளிர்காலத்துக்கு எடுத்துவைத்த சரக்கு. ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போக வேண்டும்.

வெளியே: ஸ்பாம், சோயா சாஸ், சூப் டப்பா. கறி திரும்ப வருகிறது, உப்பில்லாமல். கோச்சுஜாங் 2லிருந்து 1 மேசைக்கரண்டி. குறைந்த காரத்துக்கு ஈடாகக் கோச்சுகாரு, ஒன்றரை மேசைக்கரண்டி. அது வெறும் மிளகாய்த் தூள், சொரசொரப்பாக, நம் தூளைவிடக் காரம் குறைவு, நிறம் அதிகம். (நம் தூளை அதே அளவு போட்டால் ஆள் எழுந்து ஓடுவார்.) கிம்ச்சி முக்கால் கப், தண்ணீரில் அலசிப் பிழிந்து. கொரிய வீடுகளிலும் பழைய கிம்ச்சியை அலசிச் சமைப்பது உண்டு. அலசினால் புளிப்பும் போகும். அதற்கு அரிசி வினிகர் ஒரு தேக்கரண்டி, கடைசியில்.

மில்லிகிராம் கணக்கில் எழுதிக் கொடுத்திருந்தால் அலசின கிம்ச்சியும் கூடாது. கேட்க வேண்டும். கடையில் 'உப்புக்கு மாற்று' என்று விற்பது பொட்டாசியம்; சிறுநீரகம் சரியில்லாதவருக்கு அது உப்பைவிட ஆபத்து. அதையும் கேட்க வேண்டும்.

ஜனவரி 16

கேட்டேன். கிம்ச்சி கொஞ்சம் பரவாயில்லை. பொட்டாசியம் உப்பு கூடாது.

ஜனவரி 17

சூப்புக்குப் பதில் வீட்டு சாஸ். காளான் 225 கிராம், நறுக்கி, எண்ணெய் விடாமல் அகலச் சட்டியில், விட்ட தண்ணீர் முழுக்கச் சுண்டிச் சத்தம் மாறும்வரை. தனியாக உப்பில்லா வெண்ணெய் 4 மேசைக்கரண்டி, மைதா கால் கப், இரண்டு நிமிடம் கிளறி, பால் ஒன்றரை கப் சிறிது சிறிதாக. காய்ந்த ஷிடாக்கே காளானை அரைத்த பொடி ஒரு தேக்கரண்டி. உப்பு செய்கிற வேலையில் பாதியை இந்தப் பொடி செய்துவிடுகிறது.

முதல் தடவை பால் திரிந்தது. கிம்ச்சி இருந்த சட்டியிலேயே பாலை ஊற்றியது காரணம். மாவு வெந்து சாஸ் கெட்டியான பிறகு, அடுப்பை அணைத்துவிட்டு, கிம்ச்சியை அதில் சேர்த்தால் திரிவதில்லை. முழுக்கொழுப்புப் பால் வேண்டும். கிம்ச்சிச் சாறு சாஸில் ஒரு சொட்டும் வேண்டாம். வினிகர்கூட அடுப்பை அணைத்த பிறகுதான்.

எள் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, ஓவனுக்குப் பிறகு, மேலே. கொரிய எண்ணெய் எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்து எடுத்தது. செக்கு நல்லெண்ணெயை ஊற்றினால் அந்த மணம் வராது.

ஜனவரி 18

உப்பில்லாத டாட்ஸ் கடையில் கிடைக்கவில்லை. உருட்டியாயிற்று. ரஸெட் உருளைக்கிழங்கு 900 கிராம், தோல் சீவி, முழுசாக 10 நிமிடம் மட்டும் வேகவைத்து, நடுவில் கத்தி தடுக்கும் பதத்தில் எடுத்து, முற்றிலும் ஆறவிட வேண்டும். சூட்டோடு துருவினால் மசியலாகிவிடும். பச்சையாகத் துருவினால் சாம்பல் நிறம். பெரிய கண் துருவல், துணியில் பிழிந்து, கார்ன்ஃப்ளார் 2 மேசைக்கரண்டி, பூண்டுப் பொடி, மிளகு. கட்டைவிரல் கணு அளவு. 3 மேசைக்கரண்டி எண்ணெய் தடவி, 425இல் 25 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி.

ஒன்று உடைந்தது. உள்ளே இழை இழையாக, வெளியே கண்ணாடி மாதிரித் தோல். கடைச் சரக்கைவிட நன்றாக இருக்கிறது, எரிச்சலாக இருக்கிறது, இனி எப்போதும் இதையே செய்ய வேண்டியிருக்கும்.

ஜனவரி 20

பாத்திரம் திரும்பி வர வேண்டாம் என்றால் எல்லோரும் அலுமினிய ட்ரேதான். கிம்ச்சியின் புளிப்பும் உப்பும் ஓர் இரவில் அதைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும், சாஸில் உலோக வாடை ஏறும். பட்டர் பேப்பரை ஓரம்வரை விரித்து அதன்மேல் ஊற்ற வேண்டும். மேலே மூடும் ஃபாயிலும் கறியைத் தொடக்கூடாது. கண்ணாடி ட்ரே என்றால் வேறு பயம்: ஃப்ரிட்ஜிலிருந்து நேரே சூடான ஓவனுக்குள் வைத்தால் வெடிக்கலாம்.

சுட்டு எடுத்து மூடிக் கொண்டுபோனால் ஆவியில் டாட்ஸ் சொதசொத. மறுபடியும் அதே. சுடாமல்தான் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 21

வெளியே மைனஸ் 24 செல்சியஸ். போன் இல்லை.

ஜனவரி 22

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். மாலையா, காலையா, தெரியாது.

கறிக்கலவை பட்டர் பேப்பர் போட்ட ட்ரேயில், ஃப்ரிட்ஜில். டாட்ஸ் பையில், ஃப்ரீசரில், தனியாக. வெங்காயத்தாளும் வறுத்த எள்ளும் சின்ன டப்பாவில். நொறுக்கிப் போட வைத்திருந்த கிம் (கடற்பாசி) தாள் உப்புப் போட்டது, எடுத்துவிட்டேன். ட்ரேமேல் ஒட்டச் சீட்டு:

ஃபாயிலோடு 375இல் 30 நிமிடம். கறியின் நடுவில் 165 டிகிரி வர வேண்டும். ஃபாயிலை எடுத்துவிட்டு ஒருமுறை கிளறவும். டாட்ஸை இடைவெளி விட்டு அடுக்கவும், உருகவிட வேண்டாம். 425, மேல்தட்டு, மூடாமல் 20 நிமிடம். எள் எண்ணெய் கடைசியில். உப்பு சேர்க்க வேண்டாம். பசி இல்லாவிட்டால் டாட்ஸை மட்டும்